புது ரைடு வந்தால் போதுமா? கலிபோர்னியா அட்வெஞ்சர் பூங்காவின் முதல் பன்னிரண்டு ஆண்டுகள்

ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு வந்தவர்கள் முகம் வாடி வீடு திரும்புகிறார்கள் என்று தெரிந்தால், நிர்வாகத்திடமிருந்து முதலில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "புதுசா ஏதாவது போடுவோம்." இந்தப் பதில் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்க அமெரிக்காவின் அனாஹைம் நகரத்தில் நடந்ததைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே டிஸ்னி நிறுவனத்தின் கலிபோர்னியா அட்வெஞ்சர் என்ற ஒரே பூங்காவில் இரண்டு வைத்தியங்களையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்தார்கள். முதலில் ஐந்தாறு வருடம் புது ரைடுகளாகப் போட்டார்கள். அப்புறம் பூங்காவையே மாற்றினார்கள். சம்பந்தப்பட்ட அதிகாரிகளின், வடிவமைப்பாளர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. யார் செய்தார்கள் என்பதைவிட என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டும்.

பின்னணி

டிஸ்னி நிறுவனத்தின் முதல் பூங்காவான டிஸ்னிலேண்ட் அனாஹைமில் 1955 ஜூலை 17 அன்று திறந்தது. அதன் வாசலுக்கு எதிரே ஒரு பெரிய கார் நிறுத்துமிடம். நாற்பது வருடம் அது வெறும் தார்த்தரையாகவே இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அந்த இடத்தில் 'வெஸ்ட்காட்' என்ற பிரம்மாண்டமான இரண்டாவது பூங்காவுக்குத் திட்டம் போட்டார்கள். ஆனால் 1992-இல் பாரிஸ் அருகே திறந்த இதே நிறுவனத்தின் யூரோ டிஸ்னி பூங்கா பெரிய நஷ்டத்தில் மாட்டியது. அனாஹைமில் அக்கம்பக்கத்துக்காரர்களும் எதிர்த்தார்கள். 1995-இல் வெஸ்ட்காட் கைவிடப்பட்டது.

அதே வருடம் மேலதிகாரிகள் ஆஸ்பென் நகரத்தில் கூடிப் பேசினார்கள். வெளியூர்க்காரர்கள் டிஸ்னிலேண்டை ஒரு நாளில் பார்த்துவிட்டு, மற்ற நாட்களில் சான் பிரான்சிஸ்கோ, ஹாலிவுட், கடற்கரை என்று சுற்றப் போய்விடுகிறார்கள். அந்த இடங்களையெல்லாம் இங்கேயே காட்டிவிட்டால் என்ன? இப்படித்தான் 'கலிபோர்னியா' என்பதையே கருவாகக் கொண்ட பூங்கா பிறந்தது. 1998 ஜனவரியில் வேலை தொடங்கியது. பரப்பு 55 ஏக்கர். பூங்காவுக்கு மட்டும் ஏறக்குறைய 60 கோடி டாலர். பக்கத்தில் கட்டிய ஹோட்டலையும் கடைவீதியையும் சேர்த்தால் 140 கோடி டாலர் என்று அப்போது சொல்லப்பட்டது.

கணக்காகப் பார்த்தால் யோசனை சரி. ஆனால் டிஸ்னிலேண்டுக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி தென் கலிபோர்னியாக்காரர்கள். ஆண்டு பாஸ் வைத்துக்கொண்டு வருடத்தில் பல தடவை வந்துபோகிறவர்கள். நிஜக் கடற்கரைக்கு ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்விடக்கூடியவர்களிடம், டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து கடற்கரையின் நகலைப் பாருங்கள் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

திறந்த வருடம்: கண்ணில் பட்டவை

2001 பிப்ரவரி 8 அன்று பூங்கா திறந்தது. கூட்டம் தாங்காது என்று நிர்வாகம் முன்கூட்டியே பயந்தது. பயந்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை. வருடத்துக்கு 70 லட்சம் பேரை எதிர்பார்த்த இடத்துக்கு முதல் வருடம் வந்தவர்கள் சுமார் 50 லட்சம். (இந்த நிறுவனம் வருகைக் கணக்கை வெளியிடுவதில்லை. இங்கே வரும் எண்கள் எல்லாம் துறை சார்ந்தவர்களின் மதிப்பீடுகள்.) கூட்டத்தைவிடக் கவலை தந்த எண் இன்னொன்று. வந்தவர்களிடம் நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்பில், திருப்தி என்று சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர்தான் என்று பிறகு செய்தி வெளியானது.

அவர்கள் உள்ளே நுழைந்ததும் என்ன பார்த்தார்கள்? வாசலில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் கலிபோர்னியா என்ற ஆங்கில எழுத்துகள், கோல்டன் கேட் பாலத்தின் சிறிய நகல், அதைக் கடந்தால் ஒரு பெரிய உலோகச் சூரியன். முழுதாகப் பார்த்தால் ஒரு ராட்சத வாழ்த்து அட்டை. சூரியச் சின்னம் வடக்குப் பார்த்து நின்றதால் அதன் மேல் நேரடியாக வெயிலே விழாது. கண்ணாடிகளை வைத்து, நிஜச் சூரியன் நகர நகர அவற்றையும் திருப்பி, வெளிச்சத்தை அதன் மேல் பாய்ச்ச வேண்டியிருந்தது. இந்த ஒரு விஷயமே எனக்கு அந்தப் பூங்காவின் நிலையைச் சொல்லிவிடுகிறது.

இன்னும் உள்ளே போனால் சோளமாவு டார்ட்டியா செய்யும் இயந்திரம், ரொட்டி சுடும் கூடம், வயல் என்ற பெயரில் நிறுத்திவைத்த டிராக்டர்கள். கடற்கரைப் பகுதியில் ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சிகளில் இருக்கிற மாதிரி ரைடுகள்: சங்கிலி ஊஞ்சல் ராட்டினம், சட் சட்டென்று திரும்பும் சின்ன ரோலர் கோஸ்டர், மேலே தூக்கி எறியும் கோபுரம். சின்னக் குழந்தைகளைக் கூட்டிவந்தவர்களுக்குச் செய்வதற்குப் பெரிதாக ஏதும் இல்லை. பெரியவர்களை இழுக்கலாம் என்று வைத்திருந்த பிரபல சமையல்காரரின் உணவகமும் ஒயின் நிறுவனத்தின் கூடமும் முதல் வருடம் முடிவதற்குள்ளேயே ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. இத்தனைக்கும் டிக்கெட் 43 டாலர், எதிரே இருந்த டிஸ்னிலேண்டுக்கு என்ன விலையோ அதேதான். வாசலில் நிற்கும் குடும்பம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விதிவிலக்காக ஒன்று இருந்தது. 'சோரின் ஓவர் கலிபோர்னியா' என்ற பறக்கும் ரைடு. 87 பேரை மூன்று வரிசைகளில் தொங்கவிட்டு, மேலே தூக்கி, வளைந்த ராட்சதத் திரையின் முன்னால் மிதக்கவைக்கும். அதற்கு முதலில் போட்ட வடிவமைப்பில், ஆட்களை அடுக்கடுக்கான மாடிகளிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது, செலவு கட்டுப்படியாகவில்லை. ஒரு பொறியாளர் விடுமுறையில் வீட்டுப் பரணிலிருந்து தன் பழைய விளையாட்டுச் சாமானை எடுத்தார். துளைபோட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணி வைத்து இணைக்கும் பொம்மைப் பெட்டி அது. ஒரு கைப்பிடியைச் சுற்றினால் மூன்று வரிசையும் தரையிலிருந்து சேர்ந்து எழும்பி, ஒன்றின் மேல் ஒன்றாகப் போய் நிற்கிற மாதிரி ஒரு சின்ன மாதிரியைச் செய்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். அதுதான் ரைடு ஆனது. ஆரஞ்சுத் தோப்பின் மேல் பறக்கும்போது ஆரஞ்சு மணம் வரும். கால் கீழே ஒன்றும் இல்லாமல் தொங்கும். பூங்காவையே வேண்டாம் என்று தள்ளியவர்கள்கூட இந்த ஒன்றைக் குறை சொல்லவில்லை.

இங்கே ஒன்றைப் பார்க்க வேண்டும். இவ்வளவு நல்ல ரைடு, அதுவும் திறந்த நாளிலிருந்தே இருந்தும், திருப்தி ஐந்தில் ஒன்றுதான்.

முதல் முடிவு: ரைடு மேல் ரைடு

நிர்வாகத்தின் கண்ணில் பட்ட குறை, செய்வதற்குப் போதுமான அளவு இல்லை என்பது. அது தவறான கணிப்பு என்று சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்குப் பெரிதாக எதுவும் இல்லை என்பது உண்மைதானே. வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்யலாம், பூங்காவை மூட வேண்டியதில்லை, ஒவ்வொரு புதுவரவுக்கும் தனியாக விளம்பரம் போடலாம். பணம் போட்டவர்களுக்குப் பதில் சொல்லவும் வசதி.

2001 ஜூலையிலேயே டிஸ்னிலேண்டின் பழைய மின்விளக்கு ஊர்வலத்தை இங்கே கொண்டுவந்தார்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலாவே படுத்துவிட்டதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2002 அக்டோபரில் பூச்சிகளின் உலகம் என்ற குழந்தைகள் பகுதி, 2003 ஜனவரியில் அலாதீன் மேடை நாடகம், 2004 மே மாதம் 183 அடி உயரத்தில் லிப்ட் அறுந்து விழுகிற மாதிரியான கோபுர ரைடு என்று வந்துகொண்டே இருந்தன.

நடுவில் 'சூப்பர்ஸ்டார் லிமோ' கதை. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் துரத்த, நட்சத்திரம் தப்பி ஓடும் வேகமான ரைடாகத்தான் அதை முதலில் யோசித்தார்கள். 1997-இல் இளவரசி டயானா அப்படி ஒரு துரத்தலின்போது விபத்தில் இறந்ததும் அந்தக் கரு கைவிடப்பட்டது. மிஞ்சியது, நடிகர்களின் கேலிப் பொம்மைகளைப் பார்த்தபடி மெதுவாக ஊர்ந்து போகும் கார். திறந்து ஒரு வருடம் ஆவதற்குள் மூடினார்கள். வேறொரு ரைடு அங்கே வர 2006 ஆகிவிட்டது. அதுவரை, ஏறக்குறைய நான்கு வருடம், பூங்காவின் நடுவீதியில் பூட்டிய கட்டடம் ஒன்று நின்றது.

பலன் என்ன? கோபுர ரைடு நல்ல ரைடு. அதற்கு வரிசை நின்றது. ஆனால் பூங்காவின் வருகை 60 லட்சத்தைத் தாண்டாமலேயே தவழ்ந்தது. 2007 வரையிலும் திறப்பு நாளின் 70 லட்சம் இலக்கை எட்டவில்லை. எதிரே இருந்த டிஸ்னிலேண்டிலோ, 1967-இல் வந்த கடற்கொள்ளையர் படகுக்கும், 1969-இல் வந்த பேய் மாளிகைக்கும், 1959-இன் மேட்டர்ஹார்ன் மலைக்கும் மக்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பிள்ளைகளாக வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். புதுமைதான் திருப்தி என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

இன்னொரு ஒப்பீடும் பூங்கா திறந்த அதே வருடத்தில் கிடைக்கிறது. 2001 செப்டம்பரில் ஜப்பானில் டோக்கியோ டிஸ்னிசீ திறந்தது. அதைச் சொந்தமாக வைத்திருப்பது ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். பல மடங்கு அதிகப் பணம் போட்டது. வாசலில் ஒரு வெனிஸ் நகரம், நடுவில் புகையும் எரிமலை, துறைமுகம் துறைமுகமாக நடந்து போகலாம். ஒரு வருடத்துக்குள் ஒரு கோடிப் பேர் வந்தார்கள். ரைடு எதிலும் ஏறாமல் அரை நாள் சுற்றினாலும் அங்கே வந்த காசு வீண் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

2007: பூங்காவையே மாற்றும் முடிவு

2006-இல் டிஸ்னி, கணினி அனிமேஷன் படங்கள் எடுக்கும் பிக்சார் நிறுவனத்தை வாங்கியது. அங்கிருந்து வந்த கலைத் தலைமையும் புதிய தலைமை நிர்வாகியும் சேர்ந்து பூங்காவைத் திரும்பப் பார்த்தார்கள். 2007 அக்டோபரில் அறிவிப்பு வந்தது: 110 கோடி டாலர் செலவில் பூங்காவை மாற்றுகிறோம். கட்ட ஆன செலவைவிட, திருத்த ஆகும் செலவு அதிகம். ஒரு நிறுவனம் தன் தவற்றை இவ்வளவு பெரிய எண்ணில் ஒப்புக்கொள்வது சாதாரண விஷயம் இல்லை. அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

வாழ்த்து அட்டை வாசலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் பியூனா விஸ்டா தெரு. வால்ட் டிஸ்னி 1923-இல் கையில் காசில்லாமல் லாஸ் ஏஞ்சலிஸ் வந்து இறங்கியபோது அந்த ஊர் எப்படி இருந்திருக்குமோ அப்படி ஒரு தெரு. சிவப்பு டிராம், டீக்கடை மாதிரி உட்கார்ந்து பேச இடங்கள், கோடியில் 1937-இல் டிஸ்னியின் முதல் முழுநீளக் கார்ட்டூன் படத்தை வெளியிட்ட தியேட்டரின் நகல். டிராமை விட்டால் இந்தத் தெருவில் ரைடு என்று எதுவுமே வைக்கவில்லை. 110 கோடியில் ஒரு பங்கை ரைடே இல்லாத தெருவுக்குக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

கடற்கரைப் பகுதியில் செய்தது இன்னும் கவனிக்கத்தக்கது. தூக்கி எறியும் கோபுரத்தைக் கழற்றினார்கள். ஆனால் சங்கிலி ஊஞ்சலின் இயந்திரம் அப்படியே இருந்தது. சின்ன ரோலர் கோஸ்டரின் தண்டவாளமும் அதே தண்டவாளம். மேலே போட்ட வேஷத்தையும் கதையையும்தான் மாற்றினார்கள். இரவில் மக்கள் டிஸ்னிலேண்ட் வாணவேடிக்கைக்கு ஓடிவிடாமல் இருக்க, ஏரியை வற்றவைத்து ஏறக்குறைய 1,200 நீரூற்றுகளைப் பதித்து, 2010 ஜூனில் நீர் ஒளிக் காட்சியைத் தொடங்கினார்கள். 2011 ஜூனில் கடல்கன்னி ரைடு. கடைசியாக 12 ஏக்கரில், பிக்சாரின் 'கார்ஸ்' படத்தில் வரும் ஊரான 'கார்ஸ் லேண்ட்'.

இந்த வருடங்கள் முழுக்கப் பூங்கா பலகைச் சுவர்களுக்குப் பின்னால் கிடந்தது. அந்த நேரம் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் பாதிப் பூங்காவைத்தான் பார்த்தார்கள். அவர்களுடைய அனுபவம் இந்த வெற்றிக் கதையில் எங்கும் எழுதப்படுவதில்லை.

என்ன நடந்தது

2012 ஜூன் 15. புது வாசல் தெருவும் கார்ஸ் லேண்டும் ஒரே நாளில் திறந்தன. முக்கிய ரைடுக்குப் பல மணி நேரம் வரிசை. 2011-இல் 63 லட்சமாக இருந்த மதிப்பிட்ட வருகை 2012-இல் 78 லட்சத்தை நெருங்கியது. 2013-இல் 85 லட்சம். முதல் வருடம் எதிர்பார்த்த 70 லட்சம் பதினோரு வருடம் கழித்து வந்தது.

எண்ணைப் பார்த்து, "பார், புது ரைடு போட்டதும் கூட்டம் வந்துவிட்டது" என்று சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். ஆனால் 2011-இன் கடல்கன்னியும் புது ரைடுதான், பெரிய ரைடுதான். அந்த வருடம் வருகை ஒரு சதவீதம் அளவுக்கே கூடியது. 2012-இல் வாசலும் ஊரும் ரைடும் ஒரே நாளில் வந்ததால் எது எவ்வளவு இழுத்தது என்று துல்லியமாகப் பிரிக்க முடியாது. இந்த ஆய்வின் பலவீனம் அது, மறைக்கவில்லை.

இருந்தாலும் ஒரு சாட்சி இருக்கிறது. கார்ஸ் லேண்டில் மாலை மயங்கும் நேரத்தில் போய் நின்றால் தெரியும். பின்னால் பழைய கேடிலாக் கார்களின் வால் சிறகு வடிவில் செம்பாறை மலைகள். வெயில் இறங்க இறங்க அவற்றின் நிறம் மாறும். அப்போது தெருவில் ஒரு பழைய பாட்டு எழும்; கடை கடையாக நியான் விளக்குகள் பிடித்துக்கொண்டு வரும். சில நிமிடம்தான். அதற்கு டிக்கெட் இல்லை, வரிசை இல்லை, உயரக் கட்டுப்பாடு இல்லை. பாட்டியும் பேரனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்க்கலாம். வாரம் ஒரு தடவை வரும் ஆண்டு பாஸ்காரர்கள் இந்த நேரம் பார்த்து அங்கே வந்து நிற்கிறார்கள்.

லூயிஜியின் டயர்கள்

கார்ஸ் லேண்டுடன் சேர்ந்து, கார்ஸ் படத்தின் பாத்திரம் லூயிஜியின் பெயரில் திறந்த இன்னொரு ரைடு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெரிய டயர் வடிவப் படகில் உட்கார வேண்டும். கீழிருந்து காற்று வந்து தூக்கும். உடம்பைச் சாய்த்து ஓட்ட வேண்டும். 1960களில் டிஸ்னிலேண்டில் ஐந்து வருடம் ஓடிய பறக்கும் தட்டு ரைடின் மறுபிறப்பு. எல்லாரும் ஆவலாக இருந்தார்கள். ஏறியவர்களுக்கோ டயரை நகர்த்தவே வரவில்லை. முக்கி முனகிச் சாய்ந்தாலும் இருந்த இடத்திலேயே மெல்ல ஆடியது. ஆட்களை ஏற்றி இறக்க நேரம் பிடித்ததால் வரிசையும் நகரவில்லை. ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடக் கொடுத்த காற்றுப் பந்துகளைச் சில வாரங்களிலேயே எடுத்துவிட்டார்கள். 2015 தொடக்கத்தில் ரைடு மூடப்பட்டது. 2016-இல் அந்த இடத்தில் நடனமாடும் சின்னக் கார்கள் வந்தன.

புத்தம் புது ரைடு ஒன்று இப்படித் தோற்றும் அந்தப் பகுதியின் மேல் மக்களுக்கு இருந்த பிரியம் குறையவில்லை. 2001-இல் ஒரு நல்ல ரைடால் மோசமான பூங்காவைத் தாங்க முடியவில்லை. 2012-இல் ஒரு மோசமான ரைடால் நல்ல இடத்தைக் கெடுக்க முடியவில்லை.

திரும்பச் செய்தால் என்ன மாற வேண்டும்

முதலாவது, அடிக்கடி வருகிறவர் யார் என்று கேட்காமல் கருவை முடிவு செய்திருக்கக் கூடாது. ஆஸ்பென் கூட்டத்தில் மனதில் இருந்தது வெளியூர்ப் பயணி. பூங்காவைச் சுமக்கப் போகிறவரோ உள்ளூர்க்காரர்.

வருகை எண்ணையே திருப்தி என்று எடுத்துக்கொண்டதும் பிசகு. 2002-க்கும் 2006-க்கும் நடுவில் ஒவ்வொரு புதுவரவையும், அது எத்தனை பேரைக் கூட்டிவந்தது என்றுதான் பார்த்த மாதிரி தெரிகிறது. வந்தவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார், ரைடில் இல்லாத நேரத்தில் எங்கே இருந்தார் என்பதைப் பார்த்திருந்தால், வாசலும் நிழலும் உட்காரும் இடமும் முன்பே கண்ணில் பட்டிருக்கும். பூங்காவில் கழியும் நாளில் ரைடின் மேல் இருப்பது மொத்தம் அரை மணியோ முக்கால் மணியோதான். மிச்ச நேரமெல்லாம் நடை, வரிசை, சாப்பாடு, பிள்ளையைச் சமாதானப்படுத்துவது. அந்த மிச்ச நேரத்துக்கு 2001-இல் யாரும் பொறுப்பேற்கவில்லை.

அதற்காகப் புது ரைடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் பகுதி தேவைப்பட்டது. அது இல்லாதது அநியாயம். கூட்டம் கூடும்போது வரிசைகளைப் பங்கிட்டுக்கொள்ளவும் கூடுதல் ரைடுகள் வேண்டும். ஆனால் ஏற்கெனவே நிரம்பி வழியும் பூங்காவில் புதுவரவு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 2019 மே 31 அன்று டிஸ்னிலேண்டில் 'ஸ்டார் வார்ஸ்' படங்களை வைத்துக் கட்டிய பகுதி திறந்தபோது, கூட்டத்துக்குப் பயந்து மக்கள் பயணத்தையே தள்ளிப்போட்டார்கள். அந்தக் காலாண்டில் நிறுவனத்தின் அமெரிக்கப் பூங்காக்களில் வருகை 3 சதவீதம் குறைந்தது.

அனாஹைமில் வேலை இன்னும் நிற்கவில்லை. 2024 மே மாதம் நகர மன்றம் அடுத்தகட்ட விரிவாக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பத்து வருடத்தில் குறைந்தது 190 கோடி டாலர் போடுவதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது. கலிபோர்னியா அட்வெஞ்சரில் புதிய பகுதிகளும் அதில் வருகின்றன.

'சோரின்' என்ற அந்தப் பறக்கும் ரைடின் படத்தை 2016 ஜூனில் மாற்றினார்கள். கலிபோர்னியாவுக்குப் பதிலாக உலகம் முழுக்கச் சுற்றும் புதுப் படம். சீனப் பெருஞ்சுவர், தாஜ்மகால் எல்லாம் வரும். பழைய படம் போயிற்று என்று நினைத்தார்கள். ஆனால் அதைக் கேட்டு ஆட்கள் விடவில்லை. அதன் பிறகு சில வருடங்களில் குறுகிய காலத்துக்குப் பழைய படத்தைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். 2001-இன் அதே படம், பூங்கா விளம்பரத்தில் புதுவரவு மாதிரியே இடம் பிடிக்கிறது. வரிசையில் நிற்கிறவர்களுக்கு அடுத்து என்ன காட்சி என்று மனப்பாடம். ஆரஞ்சுத் தோப்பு வருவதற்குச் சற்று முன்னாலேயே மூச்சை இழுக்கத் தயாராகிவிடுகிறார்கள்.